ஓட்டப்போவது நான்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறுவதைக் குறைத்துக்கொண்டார்களா, அல்லது நீ "ஏறினால்தான் சரியாகும்" என்று ஏற்றிவிடுகிறாயா?

போனில் கேட்டிருக்கலாம். போனில் பேசினால் நாம் சண்டை போட்டுவிடுகிறோம். அதோடு, எதைக் கேட்டாலும் "எழுத்துல குடு" என்பாய். ஆலையின் கொள்முதல் அதிகாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை. ஆகவே எழுத்திலேயே கொடுக்கிறேன்.

எனக்கு ஒரு டிராக்டர் வேண்டும். ரொம்பப் பெரியதும் இல்லை, பொம்மை போன்றதும் இல்லை, நடுத்தரமானது. முன்னால் லோடர் இருக்க வேண்டும். இரண்டு இரும்புக் கைகளும் ஒரு அகலமான பக்கெட்டும் வைத்து மண்ணையும் எருவையும் அள்ளித் தூக்கிக் கொட்டுமே, அதுதான். நம் வீட்டில் உன்னைக் கேட்காமல் யாரும் ஒரு மிக்ஸிகூட வாங்கியதில்லை. டிராக்டரையா வாங்கப் போகிறேன்?

நான் கல்லூரி வேலையை விட்டு இந்த ஆறு ஏக்கருக்கு வந்தது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். நீ இன்னும் ஒருமுறைகூட இங்கே வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் குட்டையைக் காட்டியிருப்பேன். அதன் மேற்குக் கரை போன மழையில் கசிந்தது. கரைக்குக் கீழேதான் காய்கறிப் பாத்திகளும் ஆட்டுக் கொட்டகையும். இந்த மழைக்குள் கரையில் மண் போட்டு இறுக்காவிட்டால் உடைந்துவிடும். வாடகை வண்டிக்காரர் சின்ன வேலைக்கு வர மாட்டேன் என்கிறார். அவருடைய ராட்சச இயந்திரம் எலுமிச்சை வரிசைக்குள் நுழையவும் நுழையாது. கரை ஒரு பக்கம் இருக்கட்டும், தினமும் எரு அள்ள வேண்டும், தீவனக்கட்டு தூக்க வேண்டும். தள்ளுவண்டி தள்ளித் தள்ளி என் வலது தோள் போய்விட்டது. "இனிமே பாரம் தூக்கினீங்கன்னா ஆபரேஷன்தாம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுருக்கமாகச் சொன்னால், மழைக்குள் வண்டி வந்தால் நான் இங்கே இருப்பேன். வராவிட்டால் இந்த நிலத்தை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார். நன்றாக இருக்கிறார்.

அண்ணிக்கு என் அன்பு. சீக்கிரம் எழுது.

உன் தங்கை

•

பிப்ரவரி 26

என் பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் அண்ணியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் தோளைப் பற்றிப் படித்ததும் அவள் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடு.

டிராக்டர் யோசனை நல்லதுதான். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் பொழுதுபோக்குப் பண்ணைக்கு வாங்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். நாள் முழுக்க உழுகிற விவசாயிக்கு எந்த வண்டியும் ஒத்துவரும். பொழுதுபோக்குக்கு வைத்திருப்பவர்கள்தான் தப்பான வண்டியை வாங்கி ஷெட்டில் துரு பிடிக்க விடுகிறார்கள்.

முதலில் சில விவரங்கள் வேண்டும். மண் களிமண்ணா, செம்மண்ணா? நிலத்தில் எந்தப் பக்கம் சரிவு? ஷெட் வாசல் எவ்வளவு உயரம்? ஒரு தடவையில் அதிகபட்சம் எவ்வளவு எடை தூக்க வேண்டியிருக்கும்? மாப்பிள்ளை என்ன சொல்கிறார்? நல்ல உயரமான மனிதர், சின்ன வண்டியில் அவருக்கு முட்டி இடிக்கும். அவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும்.

எனக்கு வேண்டிய டீலர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொல்லி வைத்துவிட்டேன். வேறு எங்கும் அவசரப்பட்டு புக் செய்துவிடாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் அண்ணா

•

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலமே. அண்ணியைச் சாப்பிடச் சொல். தோளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்டவை இதோ. மேலே செம்மண், குட்டையை ஒட்டிக் களிமண். கிழக்கிலிருந்து மேற்கே மெல்லிய சரிவு. ஷெட் வாசல் உயரம், வண்டியின் பின்னால் நிற்கும் பாதுகாப்புக் கம்பியை மடக்கினால் போதுமானது. தூக்க வேண்டிய எடையில் பெரியது நனைந்த எரு, அதைவிடப் பெரியது நனைந்த களிமண். அரை டன் தூக்கினால் என் வேலை நடக்கும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பொழுதுபோக்கு என்றால் என்ன? காலையில் எழுந்ததும் இரண்டு மாடுகளின் சாணத்தை அள்ளுகிறேன். வெயில் ஏறுவதற்குள் பாத்திக்குத் தண்ணீர் திருப்புகிறேன். ஆட்டுக்கு வயிறு உப்பினால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துவிடுகிறேன். நீ சாயங்காலம் செஸ் விளையாடுகிறாயே, அதுதான் பொழுதுபோக்கு. லாபம் வராத வேலையெல்லாம் விளையாட்டு என்றால் அண்ணி நாற்பது வருடமாக உன் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறார்களா?

நீ சொன்னாயே என்று புக் செய்யவில்லை. பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்று ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, மெழுகு போட்ட தரை, நடுவில் மூன்று டிராக்டர்கள் தலை சீவிய மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன. விற்பனைப் பையன் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தான்.

"சார் பார்க்கிங்ல இருக்காரா மேடம்?"

"எந்த சார்?"

"வண்டி வாங்குற சார்."

"வாங்குறது நான்."

"ஓ, சரி மேடம். ஓட்டப்போறது?"

"அதுவும் நான்தான்."

"மேடம் நல்லா தமாஷ் பண்றீங்க" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிவப்புல ஒண்ணு இருக்கு மேடம், பாக்க அழகா இருக்கும்" என்றான்.

அவனிடம் எனக்குக் கோபம் வந்தது. வீடு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். "அவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும்." அந்தப் பையனாவது என்னை இன்றுதான் பார்த்தான்.

ஓட்டப்போவது நான். என் முட்டி எங்கே இடிக்கும் என்று கேள்.

தங்கை

•

மார்ச் 30

பாப்பா,

சுகம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வீட்டில் கொஞ்சம் வேலை.

கோபப்படாதே. அன்பாகத்தான் சொன்னேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

விவரங்களுக்கு நன்றி, தெளிவாக இருந்தன. இன்னும் சிலது தெரிந்தால் டீலரிடம் உறுதியாகப் பேசலாம். கியர் வண்டி வேண்டுமா, கியரே இல்லாமல் மிதியை அழுத்தினால் ஓடுகிற வகையா? லோடரின் ஹைட்ராலிக் பம்பு நிமிடத்துக்கு எவ்வளவு எண்ணெய் தள்ளும் என்று ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டு வாங்கு. முன் அச்சு தாங்கும் எடையையும் கேள். மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கி அனுப்பு, ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, புரிந்துகொள்.

டீலரிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அண்ணா

•

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணா,

நலம். அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்று நீ எழுதவில்லை.

மூன்று கொட்டேஷன்களும் இத்துடன் இருக்கின்றன. பம்பு, அச்சு, எண்ணெய் எல்லாம் எழுதி வாங்கியிருக்கிறேன். ஒரு ஷோரூமில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் மேலாளரே எழுந்து வந்து, "மேடம், நீங்க காலேஜ்ல புராஜெக்ட் பண்றீங்களா?" என்றார். இருபது வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். எண்களைப் பார்த்து எனக்குப் பயமில்லை. ஆனால் எண்களால் முடிவெடுக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது என்று இந்த வாரம்தான் கண்டுகொண்டேன்.

முதல் ஷோரூம் பையனிடம் டெமோ கேட்டேன். பின்கட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து, காலி பக்கெட்டை மேலே தூக்கி, கீழே இறக்கி, மறுபடி தூக்கிக் காட்டினான்.

"பாத்தீங்களா மேடம், பட்டு மாதிரி போகுது."

"காத்தைத்தானே தூக்குறீங்க? அந்த மண்ணை அள்ளுங்க" என்று ஓரத்தில் நனைந்து கிடந்த குவியலைக் காட்டினேன்.

அள்ளினான். பக்கெட் மேலே போகப் போக, பின்சக்கரம் ஒன்று மெல்லத் தரையை விட்டது. வண்டி தலையைக் குனிந்து மூக்கில் நிற்கப் பார்த்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. பட்டென்று இறக்கினான்.

"பின்னாடி வெயிட் மாட்டலை மேடம், அதான்."

"அதை எப்போ சொல்லலாம்னு இருந்தீங்க?"

"அது எக்ஸ்ட்ரா மேடம்."

"என் உயிரும் எக்ஸ்ட்ராவா?"

பிறகு பின்னால் இரும்புப் பெட்டியில் எடை நிரப்பி மாட்டினார்கள். நான் ஏறினேன். லோடர் வேலை என்பது முன்னே போய் அள்ளு, பின்னே வா, திரும்பு, முன்னே போய்க் கொட்டு, அவ்வளவுதான். அதை நாள் முழுக்கச் செய்ய வேண்டும். கியர் வண்டியில் ஒவ்வொரு தடவையும் கிளட்ச்சை மிதித்து என் இடது தொடை நடுங்கிவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்ன லீவர் வைத்த வண்டி ஒன்று இருந்தது. லீவரை மேலே தள்ளினால் முன்னே, கீழே இழுத்தால் பின்னே, கிளட்ச்சே வேண்டாம். நாற்பத்தைந்து ஹெச்.பி., நான்கு சக்கரமும் இழுக்கும். இருக்கையை முன்னால் நகர்த்தினால் கால் எட்டுகிறது. வலது கையில் ஒரு குச்சி, அதை இரண்டு விரலால் அசைத்தால் அரை டன் களிமண் எழுந்து நிற்கிறது. தோள் வலிக்காமல் மண் இடம் மாறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசி என்று பையனிடம் சொன்னேன்.

அந்த வண்டிதான். எடைப்பெட்டியோடு. வேறு யோசனை இல்லை. உன் டீலரிடம் இன்றே புக் செய். புக் செய்தால் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். ஜூனில் மழை.

இதற்கு மேல் உனக்கு எந்த விவரமும் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

தங்கை

•

மே 9

பாப்பா,

உன் கடிதமும் கொட்டேஷன்களும் வந்தன. நாங்கள் சுகம். வெயில் தாங்கவில்லை. நீ தலையில் துணி கட்டிக்கொள்.

நீ தேர்ந்தெடுத்தது நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம். லோடர் மாட்டியதும் வண்டியின் நீளம் கூடிவிடும். உங்கள் வாயிலில் இடதுபக்கத் தூண் உள்ளே சாய்ந்து நிற்கிறதே, அதையும் எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி ஒரே மூச்சில் திரும்ப முடியுமா? அந்த இடைவெளியை அளந்து, ஒரு வரைபடம் போட்டு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு டீலரிடம் உறுதி செய்கிறேன். அவசரமில்லை.

உடம்பு பத்திரம்.

அண்ணா

•

மே 14

அண்ணாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். நலம் விசாரிக்க எனக்கு இன்று மனமில்லை.

எங்கள் வாயிலின் இடதுபக்கத் தூண் சாய்ந்திருக்கிறது. உண்மை. போன டிசம்பரில் தீவன லாரி இடித்தது. நீங்கள் இங்கே வந்ததே இல்லை. நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, யாருக்கும் படம் அனுப்பவில்லை. அந்தத் தூணைப் பார்த்தவர்கள் லாரி டிரைவர், நான், இன்னொருவர்.

அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, உங்க வீட்டு மாடியில யாரு இருக்கா?"

அண்ணி குரலைத் தாழ்த்தினார்கள். "யாருடி சொன்னா?"

"எங்க வீட்டுத் தூண் சொல்லுச்சு."

"என்ன உளறுற?... சரி, எத்தனை நாள்தான் நானும் மூடி மறைக்கிறது? உன் வீட்டுக்காரர் ஜனவரியிலேர்ந்து இங்கதான் இருக்கார். அவருக்குக் காபி தூக்கிட்டு மாடி ஏறியே என் முழங்கால் போச்சு. ரெண்டு பேரும் சாப்பிட உக்காந்தா உன் டிராக்டர் பேச்சுத்தான். 'அடுத்தது என்னத்தைக் கேக்கலாம் மாப்பிள்ளை?'ம்பாரு உங்கண்ணன். 'ஹைட்ராலிக் கேளுங்க மச்சான், அது ஒரு மாசம் ஓடும்'ம்பாரு இவரு. ரெண்டும் சிரிக்கும். எனக்குச் சோறு எறங்காது. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

சொல்லிவிட்டேன். அண்ணியை ஒரு வார்த்தை கேட்டால் அதற்கும் சேர்த்து நான் வருவேன்.

உங்கள் டீலரையும் கூப்பிட்டேன். "உங்க அண்ணனா? நல்லா இருக்காரா? பேசி ரெண்டு வருஷம் இருக்குமேம்மா" என்றார்.

ஆலையில் வேலை பார்த்தபோது நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். "நான் எவனுக்கும் இல்லைன்னு சொன்னதே கிடையாது. இன்னும் ஒரு விவரம் வேணும்பேன். கொண்டு வருவான். இன்னொண்ணு கேப்பேன். அவனே அலுத்துப்போய் ஃபைலைத் தூக்கிட்டுப் போயிடுவான். நமக்குக் கெட்ட பேரும் இல்லை." கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம். ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. இப்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

வெயிலில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலை அளந்தேன். மூன்று ஊருக்கு பஸ் ஏறி கொட்டேஷன் வாங்கினேன். நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேஜையில் சிரித்திருக்கிறீர்கள்.

நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர் வேலை விஷயமாகப் போகவில்லை. ஜனவரியில் ஒரு காலை மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்து வைத்துவிட்டு, "எனக்கு முடியலை. இதெல்லாம் வித்துட்டு வா. வரலைன்னா நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனார் என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒருவரை ஒரு கரை மண்ணால் பிடித்து வைக்க முடியவில்லையே என்ற வெட்கம். நான் மறைத்தேன், நீங்களும் மறைத்தீர்கள். நான் மறைத்ததால் யாருடைய கரையும் உடையாது.

நிலம் என் பெயரில், என் வேலையை விட்டு வந்த பணத்தில் வாங்கியது. உங்களால் விற்க முடியாது. ஆகவே என்னைக் களைக்க வைத்து விற்க வைக்கலாம் என்று பார்த்தீர்கள்.

இங்கேயே புக் செய்துவிட்டேன். ஜூன் கடைசியில்தான் வருமாம். நீங்கள் தின்ற மூன்று மாதம் திரும்பி வராது.

தங்கை

•

மே 31

அம்மா,

பாப்பா என்று எழுதக் கை வரவில்லை. நீ 'நீங்கள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. உன் அண்ணி என்னோடு பேசுவதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டாள்.

செய்தது உண்மைதான். சிரித்ததும் உண்மைதான். ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நீ தனியாக ஒரு இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. அது கவிழ்ந்தால் யார் தூக்குவார்கள்? வேண்டாம் என்று நேராகச் சொன்னால் கேட்பவளா நீ? ஒரு பருவம் தள்ளிப்போனால் உனக்கே அலுத்துவிடும், வந்துவிடுவாய் என்று மாப்பிள்ளை சொன்னார். எனக்கும் சரியென்று பட்டது. அவரும் பாவம், உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை.

நிலத்தை வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார். மாப்பிள்ளை பேசி வைத்திருக்கிறார். நல்ல மனிதர். ஒரு வார்த்தை யோசித்துப் பார்.

திட்டு, ஆனால் எழுது.

அண்ணா

•

ஜூன் 18

அண்ணாவுக்கு,

கரை உடைந்துவிட்டது.

மழை போன வாரமே தொடங்கிவிட்டது. மூன்றாவது நாள் மத்தியானம் மேற்குப் பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. சாக்கில் மண் நிரப்பி வைத்தேன். வைக்க வைக்க இழுத்துக்கொண்டு போனது. மண்வெட்டியைத் தூக்கியபோது தோளில் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது, அதன் பிறகு அந்தக் கை எழும்பவில்லை. ஆடுகளை அவிழ்த்து வீட்டுக்குள் விட்டேன். கடைசியாக இருந்தது சினை ஆடு. அதை எடுக்க ஒரு கையால் முடியவில்லை.

பாத்திகள் இல்லை. தக்காளி இருந்த இடத்தில் குட்டையின் அடிமண் கிடக்கிறது.

வண்டி கவிழ்ந்தால் யார் தூக்குவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வண்டி இல்லாதபோது யார் தூக்கினார்கள்?

நிலம் விற்பனைக்கு இல்லை. ஆளைப் பிடித்தவரே போய் அவரிடம் சொல்லட்டும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

•

ஜூலை 15

என் தங்கைக்கு,

உன் பண்ணையிலிருந்து நானும் மாப்பிள்ளையும் ஊர் வந்து சேர்ந்தோம். உன் அண்ணி உன்னோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்கப் போகிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டதால் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் மருந்தை மறக்காமல் சாப்பிடச் சொல். உன் தோளுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாதே.

சொல்லாமல் வந்தது தப்புத்தான். சொல்லியிருந்தால் வரவேண்டாம் என்றிருப்பாய். வாயிலில் நின்று பார்த்தேன். சாய்ந்த தூணுக்கும் தொட்டிக்கும் நடுவில் நீ பக்கெட் நிறைய மண்ணோடு வந்து, ஒரே மூச்சில் திரும்பிப் போனாய். இடது கை ஸ்டியரிங்கில், வலது கையில் இரண்டு விரல் குச்சியில். என்னைப் பார்த்தாய், நிற்கவில்லை. பாரத்தைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைத்து ஓட்டினாய். என் ஆலையில் லைசென்ஸ் வாங்கினவர்களே அதைச் செய்ய மாட்டார்கள். மிஷின் வாங்கியே தலை நரைத்தவன் நான். இதைவிடச் சரியான வண்டியை நான் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். கீழே கிடந்த பாத்திகளையும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு வாய் இல்லை.

மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்குவதே இல்லை. அங்கே வந்து இருக்கலாமா, எப்போது வரலாம் என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். அவருக்கு உன்னிடம் நேரில் கேட்கக் கூச்சம். உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அண்ணா

•

ஜூலை 22

அண்ணா,

அண்ணி மருந்து சாப்பிடுகிறார்கள். முழங்கால் தேவலை, இங்கே மாடி இல்லை. காலையில் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து எனக்கு மேஸ்திரி வேலை பார்க்கிறார்கள். "இடது பக்கம் பள்ளமா இருக்குடி, அங்க ரெண்டு பக்கெட் போடு!" இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. உன்னைப் பற்றிக் கேட்டேன். "தனியா சமைச்சுச் சாப்பிடட்டும், அறிவு வரும்" என்றார்கள்.

மறுபடி 'நீ' என்று எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. 'நீங்கள்' என்று எழுதும்போது யாரோ வேற்று மனிதரைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. எனக்குக் கோபம் உன்மேல்தான், நான் மிக்ஸி வாங்கக்கூடக் கேட்ட என் அண்ணன்மேல். அந்த ஆடு கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. நீ வண்டியைப் புகழ்ந்தாய் என்பதற்காக அது நிற்காது. நீ பயந்தாய் என்பது எனக்குப் புரிகிறது. பயந்தவன் பயமாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஹைட்ராலிக் பம்பைப் பற்றிக் கேட்கக் கூடாது.

உன் மாப்பிள்ளை அன்று என்ன செய்தார் தெரியுமா? நீ வாயிலில் நின்றுகொண்டிருந்தபோது அவர் கரைக்கு வந்தார். நான் பக்கெட்டை இறக்கி இஞ்சினை நிறுத்தினேன். பாத்தியைப் பார்ப்பார், கட்டுப்போட்ட என் தோளைப் பார்ப்பார் என்று நினைத்தேன். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். முன் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் பெருசா எடுத்திருக்கலாம்" என்றார்.

நான் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"இறங்கு, நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"மண்வெட்டி அங்க இருக்கு. பக்கெட் எட்டாத ஓரத்தை வெட்டிச் சரி பண்ணணும். அதைப் பண்ணுங்க."

சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உன்னிடம் வந்தார். நீ அவரைக் கூட்டிக்கொண்டு போனாய். மண்வெட்டி சாய்த்து வைத்தபடியே இருந்தது.

இப்போது வரலாமா என்று உன்னை விட்டுக் கேட்கச் சொல்கிறார். கூச்சமாம். மூன்று மாதம் நீ கேள்வி கேட்டாய், அவர் சொல்லிக்கொடுத்தார். இன்னும் அதே மேஜையில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இனி உன் வழியாக வருகிற எந்தக் கேள்விக்கும் நான் பதில் எழுத மாட்டேன். அவருக்கு என்னிடம் கேட்க ஏதாவது இருந்தால், மாடியிலிருந்து இறங்கி, பஸ் ஏறி, இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். கேட்டால் சரி என்பேனா என்று எனக்கே தெரியாது. சில நாள் சாயங்காலம் இரண்டு தம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். சில நாள் அவர் உதைத்த டயரைப் பார்த்தாலே உடம்பு கொதிக்கிறது. இரண்டும் நான்தான். இதில் எது ஜெயிக்கும் என்று வரைபடம் போட்டு அனுப்ப முடியாது.

நீ வரலாம். தங்குகிற மாதிரி வா. வந்தால் வேலை இருக்கும்.

வெயில் எட்டிப் பார்த்திருக்கிறது. கரையில் நேற்றுப் போட்ட மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. காய்ந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் ஒட்டாது, ஈரம் இருக்கும்போதே வண்டியை ஏற்றி இறுக்க வேண்டும். அண்ணி நாற்காலியிலிருந்து கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

உன் தங்கை